ஸ்காட்லாந்துக்குப் போன தங்கச்சி

என் தாய்மாமா ஒரு பொய்யர். என் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயம்புத்தூரில் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்து, அவள் ஸ்காட்லாந்துக்குப் போயிருக்கிறாள் என்று என்னிடம் சொன்னவர் அவர்தான். சாட்சிக்கு ஒரு படத்தையும் காட்டினார். இதைப் படித்தால், "அவ கோவத்துல எழுதியிருக்கா" என்று சொல்வார். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். வேறு எதில் எழுதுவது?

எனக்கு அலங்காரமாக எழுத வராது. சிவகாசியில் டைரி பைண்டிங் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதுவதற்கான வெற்றுத்தாளை மடித்து, தைத்து, அட்டை ஒட்டி அனுப்புவது என் பிழைப்பு. அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டியிருக்கிறது. யார் பெயரையும் போடவில்லை. தெரிய வேண்டியவர்களுக்கு உறவைச் சொன்னாலே தெரியும்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. தாயில்பட்டிக்குப் போகிற ரோட்டோரம் ஒரு தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பயராபீஸில் லோடு ஏற்றுகிற வேலை. பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தவள், தங்கச்சி பிறந்தபிறகு வீட்டிலேயே உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள். விடிந்ததும் ஆபீஸ் வேன்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அதன்பிறகு தெருவில் மிஞ்சுவது நாங்களும் கோழிகளும்தான்.

எங்கள் ஊரில் மழைக்கு ஆசைப்படுவது குற்றம். மேகம் கறுத்தால் பெட்டி காயாது, குச்சி காயாது, பயராபீஸில் வேலையை நிறுத்திவிடுவார்கள். "மழை வருது" என்று சந்தோஷமாகக் கத்திய பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும். எனக்கு விழுந்திருக்கிறது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் படம் திருத்துகிற வேலை பார்த்தார். கம்ப்யூட்டர் வராத காலம். அச்சுக்குப் போகும் முன் படத்தின்மேல் பிரஷ் வைத்துக் கையால் திருத்துவார்கள். வெளிநாட்டுக் குழந்தையின் நெற்றியில் பொட்டு வைப்பார். காதில் கம்மல் போடுவார். மொட்டை மரத்தில் இலை விடுவார். காக்கை உட்கார்ந்திருந்தால் அதைக் கிளியாக மாற்றுவார். தீபாவளிப் பெட்டிமேல் சிரிக்கிற எத்தனையோ வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு என் மாமாதான் கொலுசு மாட்டியவர். அவர் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். சோற்றைப் பிசையும்போது அதைப் பார்த்து அம்மா திட்டுவாள்.

ஒருநாள் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்தார். அவசர ஆர்டர். ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குத் தினக்காலண்டர். மேலே படம், கீழே நாள் நாளாகக் கிழிக்கிற தாள்.

அந்தப் படத்தை இப்போதும் கண்ணை மூடாமலே என்னால் பார்க்க முடியும். ஒரு கல்பாலம். அதன்கீழ் கரை தொட்டுக்கொண்டு ஓடுகிற ஆறு. பாலம் முடிகிற இடத்தில் மேடேறிப் போகும் ஒரு தெரு. இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கல்வீடுகள், வீட்டுக்கு வீடு புகைக்கூண்டு. மேட்டில் ஒரு சர்ச். தெரு முழுக்க மழையில் நனைந்து மினுங்கியது. பாலத்தின்மேல், தலையில் துணி கட்டிய ஒரு அம்மா கூடையோடு நின்றாள். ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர் என்று மாமா சொன்னார். ஊரின் பெயர் படத்தின் அடியில் இங்கிலீஷில் இருந்தது. அதை அவர் வெட்டி எறிந்துவிட்டார். அதனால் நான் வளர்ந்த ஊரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

வளர்ந்த ஊர் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்தப் படம் வீட்டில் இருந்த நாட்களில் நானும் மாமாவும் அந்த ஊரை முழுக்கப் பங்கு பிரித்தோம். பாலத்துக்குப் பக்கத்து வீடு ரொட்டிக்கடை. அடுத்தது பள்ளிக்கூடம், அங்கே டீச்சர் அடிக்க மாட்டார். பச்சைக் கதவு போட்ட வீடு நம்முடையது. அங்கே மழை பெய்தால் யாரும் திட்டுவதில்லை, ஏனென்றால் அந்த ஊரில் யாரும் தீப்பெட்டி ஒட்டுவதில்லை. எல்லாம் நான் கேட்கக் கேட்க மாமா சொன்னது.

சர்ச்சுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கற்கள் நட்டிருந்தன. மாமா அவற்றின்மேல் மஞ்சள் பூவாக வைத்துக்கொண்டே வந்தார்.

"ஏன் மாமா கல்லையெல்லாம் மூடுறீக?"

"அது கல்லறைத்தா. பொங்கலுக்கு முதலாளி கும்பிட்டுக் கொடுக்கிற காலண்டரு. கல்லறைய வீட்டுல மாட்டுன்னா எவன் மாட்டுவான்?"

"அப்ப அங்கன இருக்கவுக?"

"பூவுக்கு அடியில இருந்துக்கிடட்டும். வாசமாத்தான இருக்கும்?"

வானத்தின் சாம்பல் நிறத்தை அழித்து நீலம் போட்டார். தெருவின் ஈரத்தையும் துடைக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தெருவ மட்டும் நனைஞ்சபடிக்கே விடுங்க மாமா." விட்டுவிட்டார். நீல வானத்துக்குக் கீழே நனைந்த தெரு. அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

தங்கச்சி அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தாள். உச்சந்தலையில் இருந்த கொஞ்சம் முடியைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டால் தென்னங்கன்றுபோல நிற்கும். அம்மா பெட்டி ஒட்டுகிற மைதாப் பசையை விரலால் வழித்துத் தின்பாள். தீப்பெட்டி லேபிளை எடுத்துத் தன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு தெருவில் போவாள். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும் சத்தம் கேட்டால் வாசற்படியில் குப்புறப் படுத்துக் காலை மட்டும் கீழே விட்டு இறங்கி வருவாள். அவளுக்கு அப்போது தெரிந்த ஒரே வேலை என்னை எதிர்கொண்டு வருவதுதான்.

ஒருநாள் வந்தேன். வாசற்படியில் யாரும் இல்லை. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தரையில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. பசையைக் காயவிடுகிறவள் இல்லை என் அம்மா. "பாப்பா எங்கம்மா?" என்றேன். அவள் திரும்பவில்லை. அப்பா வந்தபிறகு அவரிடம் கேட்டேன். "சும்மா கெட" என்றார்.

என்ன நடந்தது என்பதைப் பெரியவளான பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். அப்பாவின் அண்ணன் கோயம்புத்தூரில் கடை வைத்திருந்தார். அவருக்குப் பிள்ளையில்லை. எங்கள் வீட்டில் இரண்டாவதும் பெண். அண்ணனும் தம்பியும் பேசி முடித்தார்கள். பேசிவிட்டார்களே தவிர, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற அப்பாவுக்குத் தைரியம் இல்லை. மாமா தூக்கினார். தாய்மாமன் தூக்கினால் பிள்ளை அழாது என்று அவரைத் தேடிப் பிடித்தார்கள். அவரும் தூக்கினார்.

இரண்டு நாள் கழித்து ஒரு லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். நான் பொட்டலத்தை வாங்கி வாசலில் வீசினேன். கோழிகள் ஓடிவந்தன. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா என்னைத் திட்டவில்லை. சுவரோரம் சுருட்டி வைத்திருந்த அந்தப் படத்தை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இங்கன வா. இந்தத் தெருவுல ஒரு பிள்ளையாவது இருக்கா, பாரு."

பார்த்தேன். இல்லை.

"அந்த ஊர்ல பிள்ளைகளே கெடையாதுத்தா. வீடு அம்புட்டும் காலியாக் கெடக்கு. நம்ம தெருவுல பாத்தியா, பிள்ளைக மிதிபடுது. அதான் கேட்டாக. ஒரு பிள்ளையக் கொஞ்சநாளைக்குக் கொடுங்கன்னாக."

"பாப்பாவையா?"

"அவளுக்குத்தான் பள்ளிக்கூடம் இல்ல."

இந்தக் காரணம் எனக்கு நியாயமாகப் பட்டது. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அதனால் என்னைக் கேட்கவில்லை. "எதுல போனா?" என்றேன். பஸ்ஸில் என்றார். நீங்கள் கொண்டுபோய் விட்டீர்களா என்றேன். ஆமாம் என்றார். அதில் ஒன்றும் பொய் இல்லை. பிள்ளையில்லாத வீடு, கேட்டார்கள், பஸ்ஸில் கொண்டுபோய் விட்டார். ஊரை மட்டும்தான் மாற்றினார். மாமாவின் தொழிலே அதுதான். இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, ஆகாததன்மேல் மட்டும் பூ வைப்பார்.

ஆனால் நான் லேசில் விடுகிற பிள்ளை இல்லை. மறுநாள் முழுக்கப் படத்தைத் தேடிவிட்டு, "பாப்பாவக் காணோமே" என்றேன்.

"வீட்டுக்குள்ள தூங்குதா இருக்கும்."

அடுத்த நாளும் கேட்டேன்.

"குளிருல்ல? வெளிய விடமாட்டாக."

அதற்கும் அடுத்த நாள், "இன்னுமா தூங்குறா? அவ தூங்கவே மாட்டாளே மாமா" என்றேன். மாமா படத்தைச் சுருட்டிக்கொண்டு அச்சாபீஸுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் கொண்டுவந்து விரித்தார். பாலத்தின்மேல் என் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் கவுன். உச்சியில் தென்னங்கன்று முடி. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. காலில் கொலுசு. ஒரு கை அந்த அம்மாவின் கூடையைப் பிடித்திருந்தது. என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தாள். ஆனால் அவள்தான். வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்பதுகூட அவளேதான். நான் சிரித்தேன். அன்றைக்குச் சோறு சாப்பிட்டேன்.

"செருப்புப் போடலையே மாமா. தரை ஈரமா இருக்கு."

"நாளைக்குப் போட்டுவிடுதேன்."

போடவில்லை. போட முடியவும் இல்லை. எனக்குக் காட்டிவிட்டுத் துடைத்துவிடலாம் என்றுதான், தண்ணீரில் கரைகிற வண்ணத்தில் வரைந்திருக்கிறார். மறுநாள் அச்சாபீஸ் மேசையில் படத்தை வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், அவசர ஆர்டர் என்று கேமராக்காரர் எடுத்துக்கொண்டு போய் அச்சுக்குப் படம் பிடித்துவிட்டார். மாமா விஷயம் தெரிந்து ஓடியபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு தாளை உருவிப் பார்த்து, "யோவ், ஸ்காட்லாந்துல எவன்யா கன்னத்துல மை வைக்கிறான்?" என்று கத்தினாராம். ஜவுளிக்கடைக்காரரோ, பிள்ளை லட்சணமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மாமாவின் வேலை தப்பியது.

அந்தப் பொங்கலுக்கு என் தங்கச்சி ஊருக்கெல்லாம் வந்துவிட்டாள். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தாள். ரேஷன் கடையில் இருந்தாள். முடிவெட்டும் கடையில் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் இருந்ததால், கண்ணாடியிலும் சேர்த்து இரண்டாக இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடை கடையாகப் போய் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். டீக்கடை அண்ணாச்சி கேட்பார்.

"ஏத்தா, ஒந் தங்கச்சி எங்கன இருக்கா?"

நான் சுவரைக் காட்டுவேன்.

"ஸ்காட்லாந்து எங்க, சாத்தூர் தாண்டியா?"

"சாத்தூருக்கும் அங்கிட்டு. பஸ்ல போனா வாந்தி வரும்."

கடையே சிரிக்கும். பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் பிள்ளை போன இடம் தெரியும். ஒருவர்கூட என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. எனக்கு மாமாமேல் மட்டும்தான் கோபம் என்று நினைக்க வேண்டாம்.

அம்மா அந்தக் காலண்டரை நேராகப் பார்க்க மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே தேதித் தாளைக் கிழிப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில், நான் தலைக்குக் குளித்துவிட்டு வருகிற நேரம், அவள் சுவர்முன் நின்று படத்தைச் சுற்றிக் கையை வளைத்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பதைப் பார்த்திருக்கிறேன். பத்து விரலும் சொடசொடவென்று முறியும். ஏன் காலண்டருக்குத் திருஷ்டி கழிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. புதுக் காலண்டருக்கு அப்படிச் செய்ய வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷமே தம்பி பிறந்தான். ஆண்பிள்ளை. அவனை யாரும் வந்து கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் மாமாவிடம் கேட்டேன். அந்த ஊரில் இப்போது ஒரு பிள்ளை இருக்கிறதே, போதும் என்றார்.

டிசம்பரோடு அந்த ஊர் முடிந்துபோனது. அடுத்த வருஷம் சுவரில் முருகன் வந்துவிட்டார். பழைய காலண்டர் அட்டையை அம்மா அடுப்பு விசிற எடுக்கப் போகிறாளோ என்று பயந்து நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பரீட்சை அட்டையாக வைத்து எழுதினேன். கணக்குப் பரீட்சையில் விடை வராதபோது தாளை நகர்த்திவிட்டுப் பாலத்தைப் பார்ப்பேன். அவள் கூடையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பாள். வளரவே மாட்டாள். செருப்பும் இல்லை.

அதற்கடுத்த ஆடியில் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனோம். கோயம்புத்தூர்ப் பெரியப்பா குடும்பம் வருகிறது, அவர்கள் பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும் என்று சொன்னார்கள். நான் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் அதற்கு முன் பார்த்ததில்லை. தம்பியை என் இடுப்பில் வைத்து, "மரத்தடியில இரு, நான் கூப்பிடும்போது வா" என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். ஆற்றுமணலில் அவ்வளவு கூட்டம். பிள்ளைகள் வரிசையாக அழுகிற சத்தம். வெகுநேரமாகியும் அம்மா கூப்பிடவில்லை. தம்பி கனத்தான். நானே தேடிப் போனேன்.

என் மாமா புதுவேட்டி கட்டி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு பெண்பிள்ளை. மொட்டை அடித்துத் தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்தது. காது குத்துகிற ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டு மறுகாதைப் பிடித்திருந்தார். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டு மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

எனக்குப் பொங்கிவிட்டது. அது என் இடம். எனக்கு மொட்டை போட்டதும் காது குத்தியதும் அந்த மடியில்தான். அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"மாமா, இது உங்களுக்கு யாரு? என் எடத்துல ஏன் உக்காந்திருக்கு?"

ஆசாரியின் கை நின்றது. பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஆற்றைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு ஆசாரியிடம், "நீங்க குத்துங்க அண்ணாச்சி, பிள்ள அழுது" என்றார். அவ்வளவுதான் பதில்.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மொட்டைப் பிள்ளை, இரண்டு காதும் சிவந்து வீங்கி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கோபம் ஆறியிருந்தது. பெரியப்பா மகள் எனக்குத் தங்கச்சி முறைதானே என்று பேச்சுக் கொடுத்தேன். எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள், ஸ்காட்லாந்தில் இருக்கிறாள், பாலத்தில் நிற்பாள், அங்கே எப்போதும் மழை, பச்சைக் கதவு வீடு எங்களுடையது என்று எல்லாம் சொன்னேன். அது வாயைப் பிளந்து கேட்டது.

"எங்கூட்லயும் இருக்குதுங்க்கா அந்தப் பாப்பா. செவுத்துல. அதுக்குச் செருப்பே இல்ல."

"எங்க மாமா போடுறேன்னு சொன்னாரு. மறந்துட்டாரு."

"எனக்கு ரெண்டு செருப்பு இருக்குது. ஒண்ண அதுக்குக் குடுக்கட்டுங்களா?"

"அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவ?"

அது தன் காலைப் பார்த்தது. பிறகு சொன்னது: "உங்க தங்கச்சி பாவமுங்க்கா."

அம்மா எழுந்து ஆற்றுப்பக்கம் நடந்தாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள். வெயிலுக்குக் கழுவினாள் என்று நினைத்தேன். என் தங்கச்சியிடமே என் தங்கச்சியைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பார்த்த ஒரு ஆளுக்கும் என்னை நிறுத்தத் தோன்றவில்லை.

சில வருஷம் கழித்துத் தம்பிக்கு மொட்டை போட்டபோதுதான் எனக்கு விஷயம் உடைந்தது. அவனும் மாமா மடியில் உட்கார்ந்து அழுதான். அம்மா பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் பெருமையாகச் சொன்னாள், "நான் பெத்தது மூணும் என் தம்பி மடியிலதான் உக்காந்துச்சுக." நான் திரும்பினேன். மூன்றா? நான், தம்பி. பாப்பா மொட்டை போடாமலேதானே போனாள்? அம்மா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆற்றுமணல், சந்தனத்தலை, சட்டையைக் கொத்தாகப் பிடித்த விரல், எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் வந்தது. தாய்மாமன் மடி என்பது அவன் கூடப்பிறந்தவள் பெற்ற பிள்ளைக்குத்தான். பெரியப்பா மகளுக்கு அந்த மடியில் என்ன வேலை?

அன்றைக்கு அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளையைக் கொடுக்கும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். முதல் முடியை இருக்கன்குடியில்தான் இறக்க வேண்டும், என் தம்பி மடியில்தான் உட்கார வேண்டும். பெரியம்மா ஒத்துக்கொண்டாள். எல்லாம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்.

"நீ அவகிட்டச் சொல்லக்கூடாது. தூக்கிக் கொடுத்தவன் வாயாலதான் வரணும்."

நான் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். பெரியப்பா போய்விட்டார். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யார் மனது நோகும் என்று மறைக்க வேண்டும்? மிச்சம் இருப்பது மாமாதான். அவருக்குக் கண்ணில் புரை, கை நடுங்குகிறது.

தங்கச்சி கோயம்புத்தூரில்தான் இருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகன் அவளுக்கு. போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, ஆடியில பையனுக்கு இருக்கன்குடியில மொட்டை போட்டுக் காது குத்தீரலாம்னு இருக்கறோமுங்க்கா. எனக்குத்தான் கூடப்பொறந்தவன்னு ஒருத்தரும் இல்லையே. உங்க மாமாவையே மடியில வெச்சுக்கச் சொல்லலாம்னு இருக்கறேன். என்னைய வெச்ச மடிதானுங்களே?"

"சரித்தா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? என் தம்பி எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். போனில் பேசியது முழுக்க அவனுக்குக் கேட்டது. அவனுக்கும் விஷயம் தெரியும். அவளுடைய கூடப்பிறந்தவன். அந்தப் பிள்ளையின் சொந்தத் தாய்மாமன். "அக்கா, நான் என்ன செய்யட்டும்? மொய் எழுதிட்டுப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு வந்திரட்டுமா?" என்று கேட்டான். நான் சத்தியத்தை நினைத்துக்கொண்டு எழுந்து செருப்பை மாட்டினேன்.

மாமாவிடம் போனேன். "போனத விடுத்தா. அவ நல்லாத்தான இருக்கா" என்றார். நல்லாத்தான் இருக்கிறாள். இல்லை என்று யார் சொன்னது? பாலத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டும் நல்லாத்தான் இருந்தாள். வாசற்படியில் காலை விட்டு இறங்கி வருகிற ஒருத்தியை நான் அந்த நனைந்த தெருவில் தேடிக்கொண்டே வளர்ந்தேன், மாமா. இன்றைக்கும் எந்தக் கடைக்குள் போனாலும் என் கண் முதலில் காலண்டருக்குத்தான் போகிறது. ஊரையெல்லாம் அழகாக வரைந்தீர்கள். அவள் திரும்பி வருகிற பஸ்ஸை மட்டும் வரையவில்லை.

இப்போது நேரே உங்களிடம் பேசுகிறேன். வருகிற ஆடியில் நீங்கள் இருக்கன்குடிக்கு வருவீர்கள். அதே ஆற்றுமணல். இரண்டு குடும்பமும் நிற்கும். ஆசாரி, "தாய்மாமன் யாரு, வந்து உக்காருங்க" என்று கூப்பிடுவார். நீங்கள் உட்காரக் கூடாது. என் தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே உட்கார வையுங்கள். ஏன் என்று அவள் கேட்பாள். அத்தனை பேரும் கேட்பார்கள்.

அந்த இடத்தில் நான் ஏற்கெனவே ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை, பொறாமையில் கேட்டேன். என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டேன். நீங்கள் ஆசாரியிடம் பேசித் தப்பித்தீர்கள். இப்போது தெரிந்து கேட்கிறேன், அதே கேள்விதான். மாமா, அவள் உங்களுக்கு யார்? உங்கள் மடியில் ஏன் உட்கார்ந்தாள்? தனியாக என் காதில் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். சபையில், அவள் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.